குங்குமப் பொட்டு வைத்த டிரைவ்

நகல் எடுத்து வைக்காதது உன் தப்பு மச்சான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கணினிப் பெட்டி என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. உள்ளே படமெல்லாம் சேமித்து வைக்கும் உன் இரண்டு எஸ்.எஸ்.டி. டிரைவும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில். ஒன்று வெறும் கறுப்பு. இன்னொன்றின்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். குனிந்தால் கற்பூர வாசனை அடிக்கிறது.

ஆவடியில் உன் வீட்டு முன்னறையில் இதே பெட்டியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த ஞாயிறு ஞாபகம் வருகிறது. மண்ணூர்பேட்டை பட்டறையில் வாரம் ஆறு நாள் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுவாய். ஞாயிறானால் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவாய். அதற்கு வேகம் போதவில்லை என்று இரண்டு டிரைவையும் கோத்து ஒன்றாக்கினாய்.

"ஒரே பைலை நறுக்கி, ஒரு துண்டு இதுல, ஒரு துண்டு அதுல எழுதும் மாமே. ரெண்டு கையால எழுதற மாதிரி."

"ஒண்ணு பூட்ச்சுன்னா?"

"மொத்தமும் காலி. அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது. வாய மூடிகினு ஸ்குரூவ புடி."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அம்மா உன் பொருள்களைப் பாயில் பரப்பினார். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. அவன் நெனப்பா இருக்கட்டும்." பெட்டி எனக்கு வந்தது. உன் தங்கச்சி அதையே பார்த்து அழுதாள். நான்தான் ஒரு டிரைவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். பாதிப் படம் அவளுக்கு, பாதி எனக்கு. நியாயமாகப் பிரித்துவிட்டதாக நினைத்தேன். ஒன்று போனால் என்னாகும் என்று அன்றைக்குக் கேட்டவனும் நான், மறந்தவனும் நான்.

பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் உன் சாவு பற்றி விசாரணை. உன்னை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் சட்டை கசங்காமல் உட்கார்ந்து சொன்னார்: "அவன் எங்க ஆளே இல்ல சார். யாரையோ பாக்க வந்தான், அவனா மெஷின்ல கைய வெச்சிட்டான்."

ஆறு வருடம் நீ ஓட்டிய மெஷின். உனக்கு அடையாள அட்டை கொடுக்காமலே வைத்திருந்தது இப்படிச் சொல்லத்தான். ஷாக் அடித்துச் செத்தவனை வேடிக்கை பார்க்க வந்தவனாக்கிவிட்டார்கள். அதிகாரி என்னிடம், "ஆதாரம் இருக்கா?" என்றார்.

இருந்தது. சாவதற்கு முந்தின வாரம் பட்டறையில் நீ போனில் எடுத்த வீடியோ. "கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிகிறேன் மாமே" என்றிருந்தாய். நீ செத்த அன்றைக்கே போன் பட்டறையில் காணாமல் போனது. அதுவரை தொட மனம் வராத பெட்டியை அப்போதுதான் போட்டேன். டிரைவ் திரையில் வரவேயில்லை. உன் இரண்டு கை கணக்கு ஞாபகம் வந்தது.

வேப்பம்பட்டில் இருக்கும் உன் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு லேப்டாப்புல சொருகிப் பாத்தாருண்ணா. பார்மேட் பண்ணவான்னு கேட்டுச்சு. 'காலியாத்தான் கீது, பண்ணிடலாம்'னாரு. 'எங்கண்ணன் பொருள்மேல கைய வெச்சுப் பாரு'ன்னு புடுங்கி சாமிகிட்ட வெச்சிட்டேன்."

"அப்படியே எடுத்துகினு வா" என்றேன்.

இன்று காலை ரயிலில் கொண்டுவந்தாள். பொட்டைத் துடைக்க விடவில்லை. அப்படியே மாட்டினேன். வந்தது மச்சான். முழுசாக வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நாலு மாதத்துக்கு அப்புறம் ஒழுங்காக மூச்சு வந்தது. முதல் வேலையாக மூன்று நகல் எடுத்தேன். ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. விசாரணை முடிந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

வீடியோவில் முதலில் உன் முகம். கம்பெனியின் நீலச் சட்டை, பின்னால் உன் பிரஸ். அறுந்து தொங்கும் எர்த் வயரைக் காட்டுகிறாய். "தொட்டாலே சுர்ருங்குது, பாரு." போன் அங்கே நின்ற சூப்பர்வைசர் பக்கம் திரும்புகிறது. அவர் முதுகைக் காட்டி நடக்கிறார். பிரஸ் சத்தத்துக்கு மேலே உன் குரல் கேட்கிறது:

"மூணு வாட்டி சொல்ட்டேன். எப்ப சார் மாத்துவ? நின்னு பதில் சொல்ட்டு போ சார்!"