தோப்பில் முகாம் இருந்தது என்று எழுதித் தரக் கோருதல்

அனுப்புநர்:
வலன்ரைன் அருள்நாயகி,
இல. 41/6, பழைய கிட்டங்கி ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13,
இலங்கை.

பெறுநர்:
இலங்கைத் தமிழர் தொடர்பான அலுவல்களைக் கவனிக்கும் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை,
இந்தியா.

விடயம்: 1985ஆம் ஆண்டு தங்கள் மாநிலத்தின் சிறுவேலங்காடு கிராமத்துத் தென்னந்தோப்பில் கொல்லப்பட்ட என் தமையன் வலன்ரைன் ஹியூபேட் தொடர்பாக வழங்கப்பட்ட பதிலைத் திருத்தித் தருமாறு வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. வெளிநாட்டுக்காரி ஒருத்தி தங்கள் அரசின் அலுவலகம் ஒன்றைப் பற்றி முறைப்பாடு எழுதுவது அழகல்ல. தங்கள் மாநிலத்தின் சோற்றை உண்டவனின் தங்கை எழுதுவது அதைவிட அழகல்ல. பாடசாலை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒழுங்கையில் உள்ளவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எதற்கும் கை கூசியதில்லை. இதற்குக் கூசுகிறது.

2. 1983 ஆடிக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. அடுத்த வருடம், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த ஹியூபேட், இருபது வயதில், மன்னாரிலிருந்து வள்ளமேறித் தங்கள் கரைக்கு வந்து ஓர் இயக்கத்தில் சேர்ந்தான். அந்நாளில் தங்கள் மாநிலம் எங்களுக்குத் தாய்வீடு. எங்கள் பெடியன்கள் முகாம் போடத் தோப்புகள் கிடைத்தன. ஊர்மக்கள் அரிசி கொடுத்தார்கள். துப்பாக்கியோடு நடமாடியவர்களைக் காவல்துறை கண்டும் காணாமல் விட்டது. எங்கள் அம்மா, அன்றைய தங்கள் முதலமைச்சரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார். பங்குக் குருவானவர் ஏசியும் கழற்றவில்லை.

3. ஹியூபேட்டைச் சுட்டவர்கள் அவனுடைய இயக்கத்தினரே. முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வடக்குப் பிள்ளைகள். இவன் கொட்டாஞ்சேனைப் பெடியன், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கரப்பந்து விளையாடும்போது பந்து தவறினால் சிங்களத்தில்தான் ஏசுவான். சிங்கள பைலாப் பாட்டும் பாடுவான். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். முகாமில் காணாமற்போன சிநேகிதன் ஒருவன் எங்கே என்று இவன் கேட்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. சிங்களத்தில் ஏசுகிறவன் இலங்கை அரசின் உளவாளி என்று முடிவு கட்டினார்கள். குழி வெட்ட வைக்கப்பட்டவர்களில் ஒருவரான மன்னார் சூசைதாசன், தப்பி வந்து என் தந்தையிடமும் என்னிடமும் இதைச் சொன்னார். அவர் இப்போது வெள்ளவத்தையில் மகளின் தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். அவருடைய சத்தியக்கடதாசியை (பிரமாணப் பத்திரம்) இத்துடன் இணைத்துள்ளேன்.

4. இராணுவம் சுட்டிருந்தால் வாய்விட்டு அழுதிருப்போம். துரோகி என்று சொந்த ஆட்களே கொன்ற பிள்ளைக்கு யாரிடம் போய் அழுவது? அப்பா அம்மாவிடம், மஞ்சட்காமாலை வந்து முகாமில் இறந்துவிட்டான் என்றார். அயலவர்களிடம் ஜேர்மனிக்குப் போய்விட்டான் என்றோம். பக்கத்து வீட்டு மெல்ரோய், தன் மகனை அங்கே எடுப்பிக்க ஹியூபேட்டின் முகவரி கேட்டார். வெளிநாடு போனபின் அவனுக்குத் தலைக்கனம், எங்களுக்கே எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். செத்தவனுக்கு அந்தப் பெயரையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஜேர்மனிக்காரன் என்று சொன்னதால், வருடா வருடம் அவன் பிறந்தநாளுக்கு உயிரோடிருப்பவர்களுக்கு ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசையே கொடுத்தோம். நவம்பரில் மாதம்பிட்டிச் சேமக்காலையில் செத்த இனசனம் எல்லோருக்கும் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும் அம்மா, அவனுக்கு மட்டும் கொளுத்தமாட்டார். கொளுத்தினால் சனம் கேட்கும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவன் உண்மையிலேயே தகவல் கொடுத்திருப்பானோ என்று நானும் நினைத்ததுண்டு. கூடப்பிறந்தவள் நினைக்கக் கூடாததை நினைத்தேன்.

5. அம்மா திரேசம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது, படுக்கையில் இருக்கிறார். கண்மூடுமுன் மகனுக்கு ஊரறிய ஆத்தும இளைப்பாற்றிப் பூசை வைக்க வேண்டும், அவன் கிடக்கும் இடத்து மண்ணில் ஒரு பிடி வேண்டும் என்று கேட்டார். ஆகவே கடந்த மாசியில் நானும் மகள் ரொஷேலும் வேளாங்கண்ணி யாத்திரை வந்தபோது, சூசைதாசன் சொன்ன அடையாளங்களை வைத்துச் சிறுவேலங்காட்டுக்குப் போனோம். அதற்கு முன்பும் சில தடவை வேளாங்கண்ணி வந்திருக்கிறேன். மாதாவிடம் அவனுக்காக மன்றாடிவிட்டு, அவன் கிடந்த பக்கம் திரும்பியும் பாராமல், சேலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறேன்.

தோப்பு இன்னும் இருக்கிறது. தோப்புக்காரரின் மனைவி எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். அந்தப் பிள்ளைகளை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "ஏன் இல்லாம, இலங்கைப் பசங்க. எங்க மாட்டுக்குக் கூட பேரு வச்சானுங்க. சில நாளு உள்ள கத்துற சத்தம் கேக்கும். நாங்க ரேடியோவ சத்தமா வச்சுக்குவோம், வேற என்ன பண்றது" என்றார். மண் எடுக்க விடுவதற்கு மட்டும் பயந்தார். தாலுகா அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்.

6. தாலுகா அலுவலகத்தில் இருந்த அலுவலர் எங்களை இருத்தி, தேநீர் வருவித்து, மரியாதையாகவே விசாரித்தார். அண்ணனைக் கொன்றது யார் என்று கேட்டார். மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பக்கத்தில் ரொஷேல் இருந்தாள். மாமாவை ஆமி சுட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தேன். என் வாய் தானாகவே சொன்னது: "இலங்கை இராணுவம்."

தங்கள் மாநிலத்தின் நடுவே, ஒரு தென்னந்தோப்புக்குள், இலங்கை இராணுவம்! அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நான் சொன்னதற்கேற்பப் பதில் எழுதித் தந்தார்: "மேற்படி கிராமத்தில் இலங்கை இராணுவத்தினரால் எவரும் கொல்லப்படவில்லை. இலங்கையர் முகாம் எதுவும் அங்கு இயங்கவுமில்லை." இப்பதிலின் முற்பாதிக்கு நானே பொறுப்பு. அதற்காக அந்த அலுவலரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் முறைப்பாடு பிற்பாதியைப் பற்றியது மட்டுமே.

7. வீட்டுக்கு வந்ததும் ரொஷேல் அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு உரத்து வாசித்துவிட்டாள்.  அதைக் கேட்டு அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், பொறுத்தருளவும். "முகாமே இருக்கேல்லையெண்டா அவன் எங்க செத்தவன்? சாகேல்லை. ஊருக்குச் சொன்ன மாதிரி ஜேர்மனியிலதான் இருக்கிறான். தகப்பன்ட செத்தவீட்டுக்கும் வராத பிள்ளை."

அன்றே அம்மாவுக்கும் ரொஷேலுக்கும் முழு உண்மையையும் சொன்னேன். சூசைதாசனையும் கூட்டிவந்து சொல்ல வைத்தேன். ரொஷேல் எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா என்னைக் கேட்டார்: "மஞ்சட்காமாலை எண்டனீங்கள், ஜேர்மனி எண்டனீங்கள், ஆமி எண்டனீங்கள். இப்ப இது. கவர்மெண்ட் சீல் குத்தித் தந்தது பொய், நீ சொல்லுறது மெய்யோ?"  அவர் கேட்டதில் பிழை இல்லை.

இப்போது அம்மா நற்கருணை வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுவரும் குருவானவரிடம், பெற்ற பிள்ளையை மன்னிக்க மனம் வரவில்லை, அந்த மனதோடு ஆண்டவரை வாங்கமாட்டேன் என்று சொல்லி வாயை இறுக மூடிக்கொள்கிறார். இனிக் கனநாள் இல்லை என்கிறார் வைத்தியர். செத்துப்போன பிள்ளையோடு கோபித்துக்கொண்டே அம்மா போகப் போகிறார். அதற்குக் காரணம் நான்.

8. எங்கள் நாட்டு யுத்தத்தில் தங்கள் மாநிலத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கில் அன்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு வெளியே துப்பாக்கிகளைக் கண்டும் காணாமல் விட்ட அதே ஆட்சிதான், வேலிக்கு உள்ளே பிள்ளைகள் கத்தியதையும் கேட்டும் கேளாமல் விட்டது. பின்னர் காலம் மாறி, எங்கள் பேச்சை எடுக்கவே பலர் அஞ்சிய நாட்களில், முகாம்கள் இருந்தன என்பதே பலருக்கு வசதியாக மறந்துபோயிற்று. இதைக் குற்றச்சாட்டாக எழுத எனக்கு முகமில்லை. நானும் இத்தனை வருடம் அதையே செய்தவள்.

9. ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. நட்டஈடு வேண்டாம், எவரையும் தண்டிக்கவும் வேண்டாம். 1985இல் சிறுவேலங்காட்டுத் தோப்பில் இலங்கைத் தமிழ் இளைஞர்களின் பயிற்சி முகாம் இருந்தது என்றும், அதை அரசு அறிந்திருந்தது என்றும், வலன்ரைன் ஹியூபேட் அங்கே இறந்தான் என்றும், விசாரித்து முத்திரையிட்டு ஒரு கடிதம் தாருங்கள். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுக்க அனுமதியுங்கள். கொன்றவர்கள் யார் என்று எழுதும் இடத்தில், அவனுடைய சொந்த இயக்கத்தினர் என்றே எழுதுங்கள். எங்கள் மானத்தை எண்ணி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டாம்.

10. கடிதத்தைத் தயவுசெய்து "திருமதி வலன்ரைன் திரேசம்மா" என்று அம்மாவின் பெயருக்கே, இதே முகவரிக்கு அனுப்புங்கள். உறையிலோ உள்ளேயோ என் பெயர் எங்கும் வரவேண்டாம், ஐயா. என் பெயரைக் கண்டால் அம்மா நம்பமாட்டார்.

தலைகுனிந்து தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
வலன்ரைன் அருள்நாயகி

இடம்: கொட்டாஞ்சேனை, கொழும்பு
திகதி: 14.10.2025