பதிலுக்கு நின்ற வீடு

பலெர்மோ
14.01.2025

அன்பான பிரேமினிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து ஆறுதல். உன் அக்காவின் ஒப்பரேஷன் நல்லபடியாக முடியவேண்டும். போனில் கதைத்தால் முள்ளியவளையில் வீடு முழுக்கக் காது கொடுக்கும், எழுதிப் படமெடுத்து அனுப்புங்கோ என்று நீ சொன்னது எனக்குச் சந்தோசம்தான். கடதாசியில் தமிழ் எழுதி எவ்வளவு காலம்! விரல் நோகிறது, ஆனாலும் விட மனமில்லை.

வயதுபோன சிஞோராவைப் பார்க்கிற உன் வேலை பத்திரம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் லிபெர்த்தா வீதியில் போய் இறங்கிவிடுவேன். என்னுடைய படிக்கட்டுத் துடைக்கிற வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். எமிலியானா சிஞோரா முதல்நாள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மற்றவள் எங்கே?" என்று கேட்டா. ஊருக்குப் போயிருக்கிறாள், நீங்கள் வரும்வரை நான் பதிலுக்கு நிற்கிறேன் என்று சொல்ல வாய் உளறி, அவள் வரும்வரை என்று திருத்தினேன். சிரித்துவிட்டா.

ஒரு விஷயம். அவ தனக்குள் புலம்புறா என்று நீ சொன்னாய் அல்லவா, அது புலம்பல் இல்லை பிரேமினி. இங்கிலீஷ். அவ நியூயோர்க்கில், புரூக்ளின் என்ற இடத்தில் பிறந்தவ. உலக யுத்தம் முடிந்து பதினாறு வயதில்தான் தாய் தகப்பனோடு பலெர்மோவுக்கு வந்திருக்கிறா. இப்போது இந்த வயதில் இத்தாலியன் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர, முதலில் படித்த பாஷைதான் மிஞ்சி நிற்கிறது. நான் இங்கிலீஷில் பதில் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

குறை நினைக்காதே, உன் சமையலறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். உப்பை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன், டொக்டர் குறைக்கச் சொன்னவராம். உன் மிளகாய்த்தூள் போத்தலையும் சின்னச் சட்டியையும் பெட்டியில் போட்டு பல்கனி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். மருந்துக்குக் கிழமை எழுதின பெட்டி வாங்கினேன். நீ வந்து பார், உனக்கும் லேசாக இருக்கும்.

பிள்ளை கேசினியைக் கேட்டதாகச் சொல்.

உன் நலனை நினைத்திருக்கும்
இந்திராக்கா


முள்ளியவளை
25.01.2025

அன்புள்ள இந்திராக்காவுக்கு,

உங்கட கடிதத்தைப் போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சு வாசிச்சன். ரீச்சர் எழுத்து. என்ர கோழிக் கிறுக்கலைப் பாத்துச் சிரியாதேங்கோ.

அக்காவுக்கு ஒப்பரேஷன் முடிஞ்சுது. எழும்பி நடக்கிறா, ஆனா இனி ஒண்டும் தூக்கேலாது. இத்தனை வருசமா என்ர பிள்ளையை வளத்தவ. இப்ப அவவையே ஒருத்தர் பாக்கோணும். கேசினி என்னை விட உயரம். வந்த ரெண்டு நாளும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் கதைச்சாள். என்ன கேட்டவள் தெரியுமே? "நீங்கள் எப்ப திரும்பிப் போறியள்?" அம்மா எண்டு சொல்லேல்லை. விருந்தாளியைக் கேக்கிற மாதிரி.

ஐப்பசியில அவளுக்குப் பதினெட்டு முடியுது. அதுக்குப் பிறகு என்ர பிள்ளை எண்டு காட்டி இத்தாலிக்குக் கூப்பிடேலாது. நான் வந்த உடனை சிஞோரா வீட்டு வேலை ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பம் போடோணும். அந்த ஒப்பந்தம் இல்லாட்டி ஒண்டுமில்லை அக்கா. அதுதான் கெஞ்சிக் கேக்கிறன், கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.

உப்பைக் குறைச்சது நல்லம். ஆனா தூள் போத்தலைத் திருப்பி எடுத்து வையுங்கோ. அது எனக்கில்லை, அவவுக்கு. நான் பருப்புக் காய்ச்சினா ஒரு கோப்பையை நீட்டிக்கொண்டு வந்து நிப்பா. உறைச்சுக் கண்ணால தண்ணி ஓடும், திரும்ப நீட்டுவா. அவவின்ர மகனுக்குத் தெரியாது. சின்னச் சட்டியும் அதுக்குத்தான்.

இங்கிலீசு எண்டு எனக்கு விளங்கேல்லை. "ஓம் சிஞோரா, ஓம் சிஞோரா" எண்டுவன். அவவும் "ஓம்" எண்டு சொல்லிச் சிரிப்பா. ரெண்டு பேரும் ஓம் போட்டே ஆறு வருசம் போச்சு.

அன்போடு
பிரேமினி


பலெர்மோ
09.02.2025

அன்பான பிரேமினிக்கு,

கேசினி கேட்டதைப் பெரிதாக எடுக்காதே. பிள்ளைகள் கோபத்தைக் கேள்வியாகத்தான் கேட்பார்கள்.

இங்கே நடக்கிறதை உனக்கு எப்படிச் சொல்ல? நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்தவள் என்று தெரியும்தானே. அமெரிக்க வரலாறும் ஒரு பாடம். சீர்திருத்தக் காலம், பொருளாதாரப் பெருமந்தம், உலக யுத்தம். இந்த மூன்றிலும் ஒரு கேள்வியாவது பரீட்சையில் கட்டாயம் வரும். பாடமாக்கி எழுதினேன். முதியவர்களுக்கு ஓய்வூதியம் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி மட்டும் நாலு பக்கம். விரிவுரையாளர் வகுப்பில் வாசித்தும் காட்டினார்.

அதை எங்கட சிஞோராவுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தா. அவவுடைய தாய் மன்ஹாட்டனில் வீடு துடைத்தவ. வீட்டு வேலை செய்கிறவர்களை அந்தச் சட்டத்தில் சேர்க்கவேயில்லையாம். "சீர்திருத்தம் எங்கட தெரு முனை மட்டும் வந்து, படி ஏறப் பஞ்சிப்பட்டு நிண்டிட்டுது" என்றா. நாலு பக்கத்திலும் அந்த ஒரு வரி இல்லை பிரேமினி.

தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மந்தம் வந்த பிறகு விடியக் கூட்டத்தோடு போய் நிற்பார். மேற்பார்வைக்காரன் கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. வேலை கிடைக்காத நாளில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வருவாராம், அடித்தோல் தேயக்கூடாது என்று. யன்னலில் நிற்கிற பிள்ளைகள் காலைப் பார்த்தே சாப்பாடு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வார்களாம். இதைச் சொல்லிவிட்டு, நான் உரித்துக் கொடுத்த சியாகுல்லி மண்டரின் தோடம்பழத்தில் பாதியை எனக்கு நீட்டினா.

வீட்டில் இவர் பகிடி பண்ணுகிறார். நேற்று மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டவர் என்னைப் பார்த்து, "என்னப்பா, புதுச் சட்டை, காதில தோடு. வேலைக்குப் போறீரோ, லெக்சருக்குப் போறீரோ?" என்றார். "உங்கட ரெஸ்ரோரன்ற் கோப்பையளைக் கழுவப் போங்கோ" என்று ஏசிவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. படிக்கட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே ஒரு மனுசி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறா.

மிலானோவிலிருந்து சிஞோராவின் மகன் போன் எடுத்தார். மருந்து பற்றி. வேறு விஷயங்களும் கதைத்தார், ஆறுதலாக எழுதுகிறேன்.

நீ அவசரப்படாமல் அக்காவோடு இன்னும் கொஞ்சநாள் நின்று வரலாமே.

இந்திராக்கா


முள்ளியவளை
21.02.2025

இந்திராக்காவுக்கு,

பவளராணி அக்கா நேற்றுப் போன் எடுத்தவ. சிஞோரா வீட்டுக்குக் கீழ்த்தட்டில வேலை செய்யிறவவுக்கு மேல நடக்கிறது எல்லாம் தெரியும். மகன் உங்களையே வைச்சிருக்கப் போறாராம். என்ர ஒப்பந்தத்தை நிப்பாட்டிப்போட்டு உங்கட பேரில எழுதட்டோ எண்டு கேட்டவராம். நீங்கள் யோசிச்சுச் சொல்லுறன் எண்டனீங்களாம்.

நான் நம்பேல்லை. "சும்மா இருங்கோ, இந்திராக்கா அப்பிடி ஆளில்லை" எண்டு ஏசிப்போட்டு வைச்சிட்டன். பிறகு உங்கட கடைசிக் கடிதத்தை எடுத்துப் பாத்தன். அவசரப்படாமல் நிண்டு வா எண்டு எழுதியிருக்கிறியள்.

அங்கை ஒருத்தி ஊருக்குப் போனா இன்னொருத்தி பதிலுக்கு நிப்பாள். வந்த உடனை திறப்பைக் குடுப்பாள். இதுக்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அதை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் வந்து போறம். ஆரை நிப்பாட்டிறது எண்டு நான் கனக்க யோசிக்கேல்லை. படிச்ச மனிசி, நியாயம் தெரியும் எண்டு நினைச்சன்.

ஓமோ இல்லையோ. அதை மட்டும் எழுதுங்கோ. கேசினி இத்தாலியன் படிக்கத் துவங்கியிருக்கிறாள், போனைப் பாத்துப் பாத்து. அவளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.

பிரேமினி


பலெர்மோ
23.02.2025

பிரேமினிக்கு,

ஓம். பவளராணி சொன்னது உண்மை.

"மாட்டேன்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு யோசிக்கவும் இல்லை, உனக்கு எதிராகக் காரணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் உப்பை அள்ளிப் போடுகிறவள். சிஞோரா கடைசிக் காலத்தில் தன் பாஷையில் கதைக்க ஒரு ஆள் வேண்டாமா? இப்படி. எல்லாம் அந்த மனுசியின் நன்மைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவவின் நன்மைக்கு நடுவில் என் ஆசை உட்கார்ந்திருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னைப் படித்தவள் என்று நடத்தின ஒரே வீடு அது. அதை விட மனம் வரவில்லை. கேசினியின் பெயரை ஒரு தடவைகூட நான் அந்தத் தராசில் வைக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் சிஞோரா ஒரு கதை சொன்னா. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக்கு ஒரு அமெரிக்கப் பெண் வருவாவாம், ஏழைகளைத் திருத்துகிற சங்கத்திலிருந்து. நல்ல பெண்ணாம். கையுறை போட்டுக்கொண்டு தாயின் சமையலறையைத் திறந்து பார்ப்பாவாம். உள்ளி கூடாது, எண்ணெய் கூடாது, இந்தப் பாத்திரம் இங்கே இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிவிட்டுப் போவாவாம். "அவ போன பிறகு அம்மா தன்ர வீட்டில தானே ஒரு கரண்டியைத் தேடிக்கொண்டு நிப்பா" என்றா. நான் எழும்பிப் பல்கனிக்குப் போனேன். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ எழுதிக் கேட்டிருந்தும் அதுவரை நான் அதை எடுக்கவில்லை. சட்டி எந்த ஆணியில் தொங்கினது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. சிஞோராதான் கை காட்டினா.

இன்றைக்கு யுத்தக் காலத்தைக் கதைத்தோம். தாய் அமெரிக்கப் பிரஜை ஆகாதவ. அதனால் அவவைப் பகை நாட்டுக்காரி என்று பதியச் சொல்லி, விரலில் மை பூசி அடையாளம் எடுத்து, வீட்டு ரேடியோவையும் கொண்டுபோய்விட்டார்களாம். அதே வருசம் தமையன் அமெரிக்கப் பட்டாளத்தில். "உன்ர விரலையும் எடுத்தவையோ?" என்று கேட்டா. ஓம், குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் என்றேன். "ஆர் கூட வந்தது?" என்றா.

நீதான் வந்தாய். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிய முதல் அந்த வரிசையில் எனக்காக நின்றவள் நீ. சிஞோராவுக்கு உன் பெயரை விட்டுவிட்டு, ஒரு சொந்தக்காரி என்று சொன்னேன்.

மத்தியானம் மகனுக்குப் போன் எடுத்து முடியாது என்றேன். பிரேமினியின் ஒப்பந்தத்தைத் தொடக்கூடாது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியென்றால் ஏன் இத்தனை நாள் என்னைக் காக்க வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. நீ நினைத்த நாளில் வரலாம்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

இந்திராதேவி


பலெர்மோ
23.03.2025

இந்திராக்காவுக்கு,

நான் வந்து ஒரு கிழமையாச்சு. நேர வந்து கதைச்சிருக்கலாம். எழுதிப் பழகினதாலயோ என்னவோ, எழுதிறது லேசா இருக்கு. திறப்பைப் பவளராணி அக்காவிட்டைக் குடுத்து விட்டது நல்லம். நேர தந்திருந்தா ரெண்டு பேரும் எங்கை பாக்கிறது.

கேசினிக்கு விண்ணப்பம் போட்டாச்சு. மகன் ஒரு கேள்வியும் கேக்காமல் பேப்பர் எல்லாம் அனுப்பினவர். இனிக் காத்திருக்கோணும்.

சிஞோரா முதல் நாள் என்னைக் கண்டோண்ண எனக்குப் பின்னால எட்டிப் பாத்தா. உங்களைத் தேடினவ. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ. நாள் முழுக்க இங்கிலீசில கேட்டுக்கொண்டிருந்தா. நான் ஓம் ஓம் எண்டன். அவ ஓம் எண்டு சிரிக்கேல்லை. பருப்பை மட்டும் சாப்பிட்டா.

நீங்கள் ஞாயிறுகளில வந்து அவவோட கதைச்சால் அவவுக்கு நல்லம். எனக்குத் தெரியும். எண்டாலும் வராதேங்கோ அக்கா. நீங்கள் வந்தால் நான் அந்த வீட்டில பதிலுக்கு நிக்கிறவள் மாதிரி ஆகிடுவன். நான் செய்யிறது பாவம் எண்டும் தெரியும். அந்த மனிசியின்ர கதை கேக்க ஆளில்லாமல் போகும். அதை நான் சுமக்கிறன். என்ர பிள்ளை வந்து சேரும் மட்டும் எனக்கு வேற வழி தெரியேல்லை.

நான் உங்களுக்காக வரிசையில நிண்டதைப் பற்றி எழுதியிருந்தியள். அதைத் திருப்பித் தரோணும் எண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. அதைக் கடன் மாதிரி எழுதினதுதான் எனக்குக் கூடுதலா நொந்தது.

பவளராணி அக்கா கோயிலில எல்லாருக்கும் முன்னால என்னைக் கேட்டவ, "உண்மையில என்னடி நடந்தது?" எண்டு. மகன் கேட்ட அந்த நிமிசமே நீங்கள் மாட்டன் எண்டு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொன்னனீங்கள், பவளராணி அக்காவுக்குத்தான் பிழையாக் கேட்டிட்டுது எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் நம்பியிட்டினம். "படிச்ச மனிசி எண்டா அப்பிடித்தான்" எண்டினம். இனி ஊருக்குப் போறவை உங்களைத்தான் பதிலுக்கு நிக்கக் கேப்பினம்.

உங்களைக் கண்டால் நல்லாச் சொல்லுவினம். தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கோ. இல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் பொய் சொன்னவள் ஆகிடுவன்.

பிரேமினி