மஞ்சட்கோடு அழியாத படகு

கழி வற்றாதிருக்க! கலங்கரை விளக்கு அணையாதிருக்க! வெண்கழி நாட்டுக் கோமகள் நன்முடியாள் ஆணைப்படி, ஓலைநாயகம் எயினங்கிழான், குருகுத்துறைத் தலைவர் கடம்பனார்க்கு விடுக்கும் ஓலை. நும் துறை செழிக்க. நும் காய்ச்சல் தணிக.

நேற்றைய வெள்ளோட்டத்தில் துறையில் இருந்தோர்: கோமகள், யாம், தச்சர் தலைவர் ஏறனார், அவர் குழுவினர், விளக்கின் இராக்காவலன் அந்துவன். ஓடியது, அவன் தன் கொல்லையில் தானே கட்டிய சிறு பாய்ப்படகு.

அந்துவனை அறிவீர். கடலோடிப் பள்ளியைப் பாதியில் விட்டவன். சிரித்து எவரும் கண்டதில்லை. நீரைக் கிழிப்பதிலேயே காற்றின் விசை வீணாகிறது என்பது அவனை நெடுநாள் அரித்த குறை. படகின் அடியில் கால் இறக்கி, காலடியில் சிறகு பொருத்தினால், விரைவு கூடியதும் சிறகே படகைத் தூக்கும் எனத் துணிந்தான். தேக்குச் சிம்புகளைப் பிசினிட்டு ஒட்டி, மேற்புறம் வளைவாகவும் அடிப்புறம் தட்டையாகவும் இழைத்தான். முதன்முறை சிறகுகளின் முன்விளிம்பு மிகவும் மேல்நோக்கப் பொருத்திவிட்டான். படகு துள்ளிக் குப்புற விழுந்தது. தவளைக்குப் பாய் கட்டினாயோ எனத் தச்சர்கள் நகைத்தனர். அவனோ காலுக்கும் சிறகுக்கும் இடையே முன்புறம் ஆப்புச் செருகிச் சாய்வைக் குறைத்தான்.

நேற்று வாடை வலுத்தது. துறைவாயிலேயே படகு எழுந்தது. வயிறு அலைக்கு மேல் நிற்க, கால்கள் மட்டும் நீரைக் கீற, கடல்முனையைச் சுற்றி மீண்டது. யாம் வாய் பிளந்து நின்றோம், மறைப்பானேன்.

இடர் அதன்பின் வந்தது. கடலுக்குப் போகாமல் திட்டின் மறைவில் ஒளிந்து திரும்பும் கோழைகளைக் கண்டறிய, புதுப்படகின் விலாவில் மஞ்சட்கோடு இடுவது நும் துறை வழக்கம். அலை அடித்துக் கோடு அழிந்தால்தான் முத்திரை. அழியாத படகு அந்திக்குள் எரியும். அந்துவன் படகில் ஓர் அலையும் அடிக்கவில்லை; கோடு இட்டபடியே இருந்தது. கடல்முனை சுற்றியதைத் தம் கண்ணாலேயே கண்டதாகவும், ஆயினும் கோடு அழியவில்லை என்றும் ஏறனார் உரைத்தார். விறகும் அடுக்கியாயிற்று. பலகையை வேண்டுமானால் எரித்துக்கொள்ளுங்கள், சிறகுகளைக் கழற்ற விடுங்கள் என்று மட்டுமே அந்துவன் கேட்டான்.

கோடு இடுவது எதற்கு எனக் கோமகள் வினவினார். படகு கடலைத் தொட்டதா என்று அறிய, என்றார் ஏறனார். தொடும் இடத்தில் இடுக என்றார் கோமகள்.

ஏறனார் தம் கையாலேயே சிறகில் மஞ்சள் பூசினார். படகு மீண்டும் போய் வந்தது. கழுத்தளவு நீரில் இறங்கிச் சிறகைத் தடவியவர், விரல்களைப் பார்த்தார். மஞ்சள் இல்லை. ஆனால் மீண்டும் சிறகில் வைத்த கையை எடுக்க அவருக்கு மனமில்லை. பின்விளிம்பு இன்னும் மெலிய வேண்டும் என்றார். அந்துவன் முதன்முறையாகத் தலையசைத்தான்.

ஆதலின் நுமக்கு ஆணை: அந்துவனை விளக்கின் இராக்காவல் பணியினின்று விடுவிக்க. அரசப் படகுக்கொட்டிலை அவனுக்குத் திறக்க. எரிக்க அடுக்கிய விறகைப் பிசின் காய்ச்ச அங்கே அனுப்புக. வேடிக்கை பார்ப்போரை விலக்குக.

மீன்கொத்தி முத்திரை இட்டோம். முத்திரைக்குக் கீழ் ஒரு வரி: இவ்வோலை நும்மை எட்டக் காத்திராமல், அரக்கு ஆறுமுன்னரே ஏறனார் இழைப்புளியுடன் கொட்டிலுள் நுழைந்தார். அந்துவன் அவர்பின் கதவைச் சாத்தி, உட்புறம் பூட்டிக்கொண்டான்.