ஐந்தாவது ஊசி

உக்கடம்,
19.8.1997

அன்புக் கண்ணு மோகனப்பிரியாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று எடுத்த ஸ்கேனில் இடது அக்குளில் நெறி கட்டியிருக்கிறதாம். வலது மார்பை எடுத்து மூன்று வருஷம் ஆச்சு, இப்போது புற்று இந்தப் பக்கம் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன்.

"சமீபத்துல ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிப்போட்டார். கோவிலுக்கு நேர்த்தி என்று பொய் சொல்லி உன் வீட்டுக்கு வந்ததையும், அங்கே தெருநாய் கடித்ததையும், இடது கையில் நாலு ஊசி போட்டதையும் எப்படிச் சொல்வேன்? நீ கட்டிக்கொண்ட ஜெஃபின் பேரைக் கேட்டாலே சோற்றை விட்டு எழுந்துவிடுகிற மனுஷன்.

பதிலைப் பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் முகவரிக்கே போடு.

அம்மா, மாரியாத்தாள்

மேட்டுப்பாளையம்,
20.8.1997

அன்புள்ள அம்மா,

இருப்புக்கொள்ளவில்லை. ஊசி போட்ட டாக்டரிடம் இவர் ஓடிப்போய்க் கேட்டார். தடுப்பூசி போட்ட கைப்பக்கம் நெறி கட்டுமாம், ஸ்கேனில் புற்று மாதிரியே தெரியலாமாம். புற்றே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் ஊசியைப் பற்றிச் சொல்லாமல் கத்தி வைக்க விடாதீர்கள் என்றாராம். உடனே சொல்லம்மா.

மோகனா

உக்கடம்,
21.8.1997

கண்ணு,

இரண்டு தரம் வாயெடுத்தேன், முடியவில்லை. சொன்னால் இனி உன் வீட்டுக்கு வருவதே நின்றுபோகும். பேத்தி அக்ஷயாவைத் தூக்காமல் இருப்பதற்குக் கத்தியே மேல். ஒரு தரம் தாங்கியவள்தானே நான். விட்டுவிடு.

அம்மா

மேட்டுப்பாளையம்,
22.8.1997

அம்மா,

இதை வேண்டுமென்றேதான் கார்டில் எழுதி வீட்டு முகவரிக்கே போடுகிறேன். அப்பா படிக்கட்டும். ஒன்றாம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தபோது உன்னை நாய் கடித்தது. இடது கையில் நாலு ஊசி போட்டிருக்கிறது. டாக்டரிடம் சொல். இனி நீ வரவே முடியாமல் போனாலும் சரி, நீ நல்லா இருந்தால் போதும்.

மோகனா

உக்கடம்,
26.8.1997

மோகனப்பிரியாவுக்கு,

கார்டைத் தபால்காரர் கந்தப்பன் என் கையில்தான் கொடுத்தார். அவரும் படித்திருப்பார், போகட்டும்.

நேற்று டாக்டரிடம் நானே சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். அதுவரை எதுவும் சொல்ல முடியாதாம். அன்றைக்கு டாக்டர் உங்கம்மாவைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேனே.

கோவிலுக்கென்று நாலு தடவை தேங்காய் பழம் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டவனும் நான்தான். அதையெல்லாம் யார் தின்றீர்கள்?

ஐந்தாவது ஊசி வெள்ளிக்கிழமையாமே. நானே கூட்டி வாரேன். உங்கள் தெருநாயை நம்ப முடியாது. மாப்பிள்ளையை ஒரு குச்சியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கச் சொல்.

அப்பா, சுப்பண்ணன்