கண்ணாடிக்காரியின் குடை

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்பலை. இந்த வாரப் பக்கங்களை நானே பத்திரிகை ஆபீஸ்ல குடுத்துடறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார், கதவைத் திறந்து விடுங்க.

நேத்து சண்டையில நான் சொன்னது எதையும் வாபஸ் வாங்கலை. எட்டு வருஷமா உங்க காமிக்ஸ்ல ஒரு பையன் பின்னாடி அஞ்சு பொண்ணுங்க சுத்துறாங்க. நாலு பேர் கொஞ்சமாவது மாறிட்டாங்க. ஒருத்தி அவனையே கிண்டல் பண்றா! என் மூக்கை வெச்சு வரைஞ்சீங்களே கண்ணாடிக்காரி, அவ மட்டும் முதல் வாரம் மாதிரியே பஸ் ஸ்டாப்ல குடையோட நின்னு, "காத்திருப்பேன்"ங்கிறா. அவன் யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு ஆசிரியர் சொல்றார், நீங்களும் தலையாட்டுறீங்க. நீங்க பென்சில்ல வரையறதோட சரி. மை போட்டு அவளை அங்கேயே நிக்க வைக்கிறது என் கைதானே?

அதனால இந்த வாரம் கடைசிப் படக் கட்டத்துல அவளுக்கு மை போடலை. உங்க பென்சில் கோட்டை சுத்தமா அழிச்சுட்டேன். பெஞ்சு மேல குடை மட்டும் இருக்கு.

இன்னொண்ணு: வெளிய போனா சாவியை செருப்பு ஸ்டாண்டுல வைங்க. மத்தியானம் நான் வந்துடுவேன். அவ வர மாட்டா.