நாற்பதில் நின்ற முள்

படாளம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது. நேற்று அவளே தேங்காய் துருவினாள். அங்கே புனேயில் மழை விட்டது என்று நீ போனில் சொன்னதையும் அவள்தான் சொன்னாள். என்னோடு நீ பேசி எட்டு மாதமாகிறது. அதனால்தான் கடிதம். இதுவரை மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

நீயும் அம்மாவும் விழுந்ததிலிருந்து சும்மா கிடந்த பைக்கைச் செங்கல்பட்டு மெக்கானிக் மோகனிடம் விட்டேன். உடைந்த ஸ்பீடோமீட்டருக்குப் பதிலாகக் குரோம் வளையத்தோடு ஒன்று அழகாக இருந்தது. கையில் எடுத்தேன். மோகன் பிடுங்கிக்கொண்டான்.

“மூஞ்சியப் பாத்து எடுக்காதீங்க சார். போன வாட்டியும் இப்டித்தான எங்கியோ வாங்கி மாட்னீங்க? அது இந்த வண்டி மீட்டரே இல்ல. முள்ளு நாப்பதுல நிக்கும், வண்டி அம்பத்தஞ்சுல போய்க்கினு இருக்கும். இத்தினி வருசமா இன்னாத்த வெச்சி ஓட்னீங்க?”

மனசுக்குள் பதினைந்து கூட்டிக்கொள்வேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தக் கடையில் உட்கார முடியவில்லை, ஜெயா.

மாமல்லபுரம் சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நேரம் பார்த்து நானே கண்டுபிடித்த கணக்கு அது. பழகிப் பழகி மறந்தே போனேன். வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடினால் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதை நம்பிய விருந்தாளிக்குத்தான் பஸ் போய்விடும். வண்டியை உன்னிடம் கொடுத்த அன்று ஹெல்மெட் போடு, பெட்ரோல் பார் என்றேன். இதைச் சொல்லவில்லை.

நெம்மேலி வளைவில் விழுந்துவிட்டு ஆஸ்பத்திரியில், “நாப்பதுலதாம்பா போனேன்” என்று அழுதாய். பொய் சொல்லாதே என்று பெரியப்பா வீட்டார் முன்னால் கத்தினேன். நீ முள்ளில் பார்த்ததைத்தான் சொன்னாய்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வண்டிச் சாவியை எடுத்து உன் அலமாரியில் வைத்தாள். பெரியப்பா வீட்டுக்கும் போய், எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

சக்கர அளவு பார்த்து, இந்த வண்டிக்கே உரிய மீட்டரை மோகன் மாட்டியிருக்கிறான். பார்க்கச் சுமார்தான். நேற்று அதே சாலையில் கல்லுக்குக் கல் மூன்று முறை சரிபார்த்தேன். நாற்பது என்றால் நாற்பதுதான். ஆனாலும் நெம்மேலி வந்ததும் மனசு பதினைந்தைக் கூட்டிவிடுகிறது.

தீபாவளிக்கு வாம்மா. வண்டியை நீ ஓட்டு. நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். மீட்டரை எட்டிப் பார்க்க மாட்டேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கோதண்டராமன்