கேட் டியூட்டி

புனே

கோதைக் குட்டிக்கு,

ஜப்பான் ஒகினாவாவில் அமெரிக்க ராணுவத் தளத்தின் வாசலில் நீ மறியலுக்கு உட்கார்ந்திருந்த வீடியோவை எங்கள் ஆயுத டிப்போவில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பெரிய சாப் கூப்பிட்டு, “உன் பெண்ணா?” என்றார். “என் பெண்தான் சாப்” என்றேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு கேட் டியூட்டி இல்லை, உள்ளே ஸ்டோரில். நிழல்தான், சௌகரியம்.

முப்பது வருஷம் கேட்டில் ஆட்களைத் திருப்பி அனுப்பியவன் நான். யார் கத்திவிட்டுப் போவார்கள், யார் போகமாட்டார்கள் என்பது உட்காரும் விதத்திலேயே தெரியும். நாலு போலீஸ்காரர்கள் உன்னைத் தூக்கி ஓரமாக விட்டார்கள். நீ சட்டையைத் தட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாய். என் கேட்டில் அப்படி ஒருத்தரையும் பார்த்ததில்லை.

போனில் “எழுந்து வந்துடு” என்றேனே, அதை விட்டுவிடு. தார் ரோடு சுடும். மடித்த சாக்கு ஒன்று எடுத்துப் போ.

உன் அப்பா